நூறு கோழிக்கு ஒரு குப்பி

மல்லேஸ்வரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோன ஒரு தம்பதிக்கு, அந்த ஊரோடு உறவை ஏற்படுத்திக் கொடுத்தவை கோழிகள். முதலில் பகையை ஏற்படுத்தியவையும் அவைதான்.

மல்லேஸ்வரத்தில் ஓய்வு பெற்றவர்களின் நாளுக்கு ஓர் அட்டவணை உண்டு. காலையில் சாங்கி ஏரியைச் சுற்றி நடை. திரும்பும் வழியில் சி.டி.ஆரில் காபி. பத்து மணிக்கு எட்டாவது கிராஸில் கீரையும் பூவும். மாலையில் காடு மல்லேஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து, யாருடைய பையன் அமெரிக்காவிலிருந்து எப்போது வருகிறான் என்ற விசாரணை. பெங்களூரின் இந்தப் பழைய குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் என் சித்தப்பா (66). எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. 2016இல் கடிகார நிறுவனத்தை மூடிவிட மத்திய அரசு முடிவெடுத்தபோது விருப்ப ஓய்வில் வெளியே வந்தார். ஐந்து ஆண்டுகள் மேற்படி அட்டவணையைப் பின்பற்றிப் பார்த்தார். 2021இல் கோழி வளர்க்கப் போய்விட்டார்.

குடும்பத்தில் யாரும் நம்பவில்லை. முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாத வீடு அது. "பசு வளர்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். பசுவுக்கு இரண்டு வேளையும் பால் கறக்க ஆள் வேண்டும். ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போக முடியாது. கோழி அப்படியில்லை என்று நினைத்தேன்" என்கிறார். நினைத்தேன் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்.

காற்றுக்காக ஊரை விட்டு வெளியே போவது மல்லேஸ்வரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மல்லேஸ்வரமே அப்படி உருவானதுதான். 1890களில் திட்டமிடப்பட்ட குடியிருப்பு. 1898இல் பெங்களூர்ப் பேட்டையில் பிளேக் புகுந்து வீடு வீடாகக் காலி செய்தபோது, பிழைத்தவர்கள் நெரிசலிலிருந்து விலகி இங்கேயும் பசவனகுடியிலும் மனை வாங்கிக் குடியேறினார்கள். அகலமான தெரு, பின்கட்டில் கிணறு, தென்னை, மாட்டுக்கொட்டில். என் தாத்தா வாங்கியதும் அப்படியொரு வீடுதான். இப்போது அந்த இடத்தில் நான்கு மாடிகளும் ஒரு லிஃப்டும் இருக்கின்றன. நான்கு பங்காளிகள், ஒரு பில்டர். மேலே விளக்கத் தேவையில்லை. சித்தப்பா தன் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டார்.

ஓய்வுக்காலத்துக்கு என்றே ஒரு கிராமத்தை உருவாக்கிப் பார்த்த அனுபவமும் பெங்களூருக்கு உண்டு. 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார், யுரேஷிய ஆங்கிலோ இந்திய சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். சர்க்கார் உத்தியோகத்தையே நம்பியிருந்த சமூகம் மண்ணில் இறங்கிப் பிழைக்கட்டும் என்பது யோசனை. வைட்ஃபீல்டு என்று பெயர் சூட்டப்பட்ட அந்த விவசாயக் குடியிருப்பு, பிற்காலத்தில் தோட்டம் சூழ்ந்த வீடுகளில் முதியவர்கள் அமைதியாக வாழ்ந்த ஊராக நீடித்தது. 1990களில் மென்பொருள் பூங்கா வந்தது. இன்று வைட்ஃபீல்டு என்றதும் யாருக்கும் நினைவுக்கு வருவது போக்குவரத்து நெரிசல்தான்.

சித்தப்பா போனது எதிர்த்திசையில். ஹெசரகட்டாவைத் தாண்டி, தொட்டபள்ளாபுரம் பக்கமாக ஒரு கிராமம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதினால் அடுத்த வாரமே புரோக்கர்கள் வந்துவிடுவார்களாம். அர்க்காவதி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஹெசரகட்டா ஏரிக்கும் மல்லேஸ்வரத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தபோது 1890களில் தீட்டிய திட்டப்படி, அந்த ஏரித் தண்ணீர் சோளதேவனஹள்ளியில் இறைக்கப்பட்டு, மல்லேஸ்வரத்தின் ஜுவல் ஃபில்டர்ஸ் நிலையத்துக்கு வந்து, நகரத்துக்குக் குழாய்த் தண்ணீராகப் போயிற்று. "நூறு வருஷம் முன்னால் தண்ணீர் வந்த வழியிலேயே நான் திரும்பிப் போனேன்" என்று சித்தப்பா இதை எல்லோரிடமும் சொல்வார். சித்திக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்.

இருபது குண்டே நிலம், அதாவது அரை ஏக்கர். முன்பானால் அதை அவர் வாங்கியிருக்கவே முடியாது. 1961ஆம் ஆண்டின் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை இருந்தது. 2020இல் அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டன. விவசாயிகள் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. பணமுள்ள நகரத்தார் வந்து நிலத்தை விழுங்கிவிடுவார்கள் என்ற அவர்களுடைய பயம் பொய்யல்ல. பெங்களூரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் அதற்குச் சாட்சி கம்பி வேலிகள். ஊர்க்காரர்களின் கண்ணில் சித்தப்பாவும் அந்த வேலிகளில் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார். 'வாட்ச் ராயரு' என்று மரியாதையாகப் பெயர் வைத்தார்கள். வணக்கம் சொன்னார்கள். அதற்குமேல் ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் யார் வீட்டு வாசலிலும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

கோழி விஷயத்தில் அவர் முறையாகவே ஆரம்பித்தார். ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி அமைப்பும் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. அங்கே போய்ச் சந்தேகம் கேட்டார். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி உருவாக்கிய கிரிராஜா இனத்தில், ஐந்து வாரக் குஞ்சுகளாக 20 வாங்கினார். ஒருநாள் குஞ்சாக வாங்கினால் பல்பு போட்டுச் சூடு கொடுத்து வளர்க்கவேண்டும். முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், கிராமத்து மின்சாரத்தை நம்பி இதில் இறங்குவது சூதாட்டம். ஐந்து வாரத்தில் இறகு முளைத்துவிடும். கிரிராஜா பார்வைக்கு நாட்டுக்கோழி மாதிரியே பல நிறத்தில் இருக்கும். குப்பையைக் கிளறித் தின்னும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டை இடும் என்றால் இது நல்ல தீனி கொடுத்தால் 130க்குக் குறையாது.

கடிகாரக்காரர் அல்லவா, நோட்டுப் புத்தகம் போட்டார். எந்தக் கோழி எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு முட்டையிட்டது என்பது வரை அதில் இருக்கிறது. பருந்து தூக்கிய குஞ்சுக்குக்கூட நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது: காலை 11.20.

ஆனால் நோட்டுப் புத்தகத்தில் அடங்காத கேள்வி ஒன்று டிசம்பரில் வந்தது. ஐந்து வாரக் குஞ்சில் ஆண், பெண் பார்த்து எடுக்கத் தெரியாதவர்களுக்குப் பாதிக்குப் பாதி சேவலாக வாய்ப்பது இயல்பு. அவருக்கு ஒன்பது. ஒன்பது சேவல் ஓர் அரை ஏக்கரில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கோழி வளர்த்த எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். ஒன்றையொன்று கொத்திக் கிழித்தன. பெட்டைகளின் முதுகில் இறகில்லாமல் செய்தன. கொல்லவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. யுகாதிக்கு மறுநாள் 'ஹொஸ தொடகு' என்று கர்நாடகத்தின் இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு கறிச் சமையல். நாட்டுக்கோழிக்கு அன்று ராஜ மரியாதை, விலையும் அப்படியே. 2022 யுகாதிக்கு முன்தினம் ஊர் இளைஞர்கள் வந்து ஏழு சேவலைக் கேட்டார்கள். சித்தப்பா விலை பேசவில்லை. கூண்டைத் திறந்துவிட்டு வீட்டின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். பணத்தை வாங்கி எண்ணியது சித்தி.

"முட்டைக்காகக் கோழி வளர்க்கிறவன் சேவலைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. கறி தின்னாததால் எனக்குப் பங்கில்லை என்று சொல்வது பொய்" என்கிறார் இப்போது. எங்கள் குடும்பத்தில் இதை வேறு யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து அவருக்குக் குஞ்சு பொரிக்கும் ஆசை வந்தது. கிரிராஜா அதற்குத் தோதில்லை. அது அடையில் உட்காருவது அபூர்வம். பொரித்தாலும் அடுத்த தலைமுறையில் அதே குணம் இராது என்பதால், ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சு வாங்கச் சொல்வார்கள். இருபத்தொரு நாள் பசியும் பொறுத்து அடைகாக்க நாட்டுப்பெட்டைக்கு நிகர் கிடையாது. வாரச் சந்தையில் மூன்று பெட்டை வாங்கிவந்தார். கருப்பு ஒன்று, செவலை இரண்டு. வாங்கிவந்த அன்று மாலையே மற்றக் கோழிகளோடு சேர்த்துக் கூட்டில் விட்டார்.

புதிதாக வந்த கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்க்கவேண்டும். இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. நோட்டிலேயே எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் நாள் கருப்புப் பெட்டை தீனி எடுக்கவில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மறுநாள் இரண்டு கிரிராஜா கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தன. வெள்ளைக்கழிச்சல். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் கண்டறியப்பட்டதால் உலகத்துக்கு அது நியூகாசில் நோய். அதே பத்தாண்டின் இறுதியில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் தென்பட்டதால் நமக்கு அந்தப் பெயர். வந்துவிட்டால் மருந்து கிடையாது. ஆறு நாளில் 15 கோழியில் 13 செத்தன.

ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். சித்தப்பாவே வெட்டினார். சித்தி போன் செய்து, வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போ என்று என்னை அழைத்தாள். போனேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அரசலாபுரத்தில் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சண்டைச் சேவலுக்கு நடுகல் நட்டு, அதன் உருவத்தைச் செதுக்கி, எழுத்தும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்ததன் பயனாக இதை அவரிடம் சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. அவருடைய கவலை வேறு.

பக்கத்து நிலத்தில் குடிசை போட்டிருக்கும் ஓர் அஜ்ஜி. எழுபதைத் தாண்டியவர், தனிக்கட்டை. அவரிடம் எட்டு கோழி இருந்தது. கோழிகளுக்குக் கம்பி வேலி ஒரு பொருட்டல்ல. இவருடைய கோழியும் அஜ்ஜியின் கோழியும் ஒரே குப்பையைத்தான் கிளறின. அந்த எட்டில் ஆறு போயிற்று. சித்தப்பாவுக்குக் கோழி என்பது காலைப் பொழுது. அஜ்ஜிக்கு அது மாத்திரைச் செலவு, பேத்திக்குக் கொலுசு, திருவிழாவுக்குப் புடவை. சந்தைக்கோழியை யார் கொண்டுவந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அஜ்ஜி சண்டை போடவில்லை. வேலியோரம் வந்து ஒரே ஒரு தரம், பட்டணத்து ராயருக்கு இது விளையாட்டு என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். பணம் கொடுத்தார், வாங்கவில்லை. சித்தி போய்க் கேட்டும் வாங்கவில்லை.

தடுப்பூசி போடவில்லையா என்று கேட்டேன். முதல் வாரத்தில் போடும் சொட்டு மருந்தைக் குஞ்சு வாங்கிய இடத்திலேயே போட்டிருந்தார்கள். எட்டு வாரத்துக்குமேல் போடவேண்டிய ஊசிதான் பாக்கி. அதற்காக மருந்துக் கடைக்கும் போயிருக்கிறார். குப்பி ஒன்றில் 100 கோழிக்கான மருந்து இருந்தது. அதைவிடச் சின்னது இல்லை என்றார்கள். மருந்து உலர்ந்த தூளாக இருக்கும். கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். மீதியை எடுத்துவைக்க முடியாது. "இருபது கோழிக்கு எதற்கு நூறு பேர் மருந்து, வீண் என்று தோன்றியது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்." குப்பியின் விலை, இரண்டு பேர் சி.டி.ஆரில் உட்கார்ந்து மசால்தோசை சாப்பிடும் செலவைத் தாண்டாது.

இந்தியாவில் வீட்டுக்கோழிகள் ஊசியில்லாமல் சாவதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல, இந்தக் கணக்கும் ஒரு காரணம். பண்ணைக்காரருக்கு ஆயிரக்கணக்கில் கோழி, அவருக்குக் குப்பி போதவில்லை. வீட்டுக்கு நான்கு கோழி வைத்திருப்பவளுக்கு அதே குப்பி மலை.

குழியை மூடிய இரண்டாவது வாரம், சித்தப்பா நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். உங்களிடம் எத்தனை கோழி? கேட்டவர்கள் முதலில் கணக்கெடுப்புக்கு வந்திருக்கிறார் என்று பயந்தார்கள். ஹெசரகட்டா வட்டாரத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2012 அக்டோபரில் அங்கே அரசுப் பண்ணையின் வான்கோழிகளிடம் பறவைக்காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டு, பறவைகள் கொத்துக்கொத்தாக அழிக்கப்பட்டதை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. எண்ண வருகிறவர் பின்னாலேயே பிடிக்க வருகிறவரும் வருவார் என்பது அவர்களுடைய அனுபவம். மூன்று முறை சுற்றிய பிறகு 23 வீடுகள் ஒப்புக்கொண்டன. 94 கோழி. குப்பிக்கு ஆறு குறைவு.

ஊசி போடத் தெரிந்தவர் ஊரிலேயே இருந்தார். மகளிர் சுய உதவிக் குழுக்களில் கால்நடைப் பராமரிப்புப் பயிற்சி பெறும் பெண்களை 'பசு சகி' என்கிறார்கள். அப்படிப் பயிற்சி பெற்ற ஒரு பெண்மணி. ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்துப் பழகியவர். தாலுகா கால்நடை மருத்துவமனையில் கேட்டு, ஒரு வாரம் முன்னதாகக் கோழிகளுக்கும் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்.

2022 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5.50. கோழியைத் திறந்துவிட்டால் பிறகு யாரும் பிடிக்க முடியாது. ஆகவே கூடு திறப்பதற்கு முன் முடிக்கவேண்டும். சித்தி காபி எடுத்துப்போகும் பிளாஸ்கில் பனிக்கட்டி. அதற்குள் குப்பி. ஊசி போடுகிறவர் முன்னால், பிளாஸ்கும் நோட்டும் கடிகாரமுமாகச் சித்தப்பா பின்னால். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் பஞ்சாரத்துக்குள் கைவிட்டுக் கோழியை இழுத்து, இறக்கையை விரித்துப் பிடித்தார்கள். இறக்கைக்கு அடியில் தோலில் அரை மில்லி. அடுத்தது. அடைக்கோழி ஒன்று அவர் கையைக் கொத்திச் சதையைப் பிய்த்தது. கடைசிக் கோழிக்கு ஊசி போட்டபோது மணி 7.30. ஒரு மணி நாற்பது நிமிடம். நோட்டில் இருக்கிறது.

அஜ்ஜியின் மிச்சமிருந்த இரண்டு கோழிகள் அந்த 94இல் இல்லை. அவர் கதவைத் திறக்கவில்லை. குப்பியில் ஆறு கோழிக்கான மருந்து மிச்சமிருந்தது. நேரமும் இருபது நிமிடம் இருந்தது. சித்தி அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி, எழுந்திருக்க முடியவில்லை என்றாள். பொய்யா நிஜமா என்று இன்றுவரை சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து அஜ்ஜி வெளியே வந்து, முதலில் ஒரு சொம்புத் தண்ணீரையும், அப்புறம் இரண்டு கோழியையும் கொடுத்தார்.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் முழுக்கக் குப்பி வருகிறது. இப்போது ஒன்று போதுவதில்லை. செலவை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்கிறார்கள். 'வாட்ச் ராயரு' போய் 'கோளி ராயரு' ஆகிவிட்டார். மாலையில் யாராவது ஒருவர் மடியில் கோழியோடு அவர் வாசலில் இருக்கிறார். தனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரிடம் போங்கள் என்று சித்தப்பா சொல்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பணம் வாங்காத அஜ்ஜி, பொரித்து வளர்த்த நான்கு விடைக்கோழிகளைச் சித்தப்பா கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். கோழிக்குக் கோழி சரிதான் போலிருக்கிறது.

எல்லாம் நன்றாக முடிந்ததாக எழுதினால் சித்தி என்னை மன்னிக்கமாட்டாள். அவளுக்கு வயது 61. ரத்தக் கொதிப்புக்கு மல்லேஸ்வரத்து டாக்டரை விட மனமில்லாததால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருகிறாள். அப்படியே எட்டாவது கிராஸில் கீரை வாங்குகிறாள், அரை ஏக்கர் நிலம் இருந்தும். பதினெட்டாவது கிராஸில் தங்கை வீட்டில் அவளுடைய பட்டுப்புடவைகள் இருக்கும் ஒரு பீரோவை இன்னும் எடுத்துப்போகவில்லை. "ராத்திரி மாரடைப்பு வந்தால் கோழியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்?" என்பது அவள் கேள்வி. பதில் சொல்லச் சித்தப்பாவால் முடியவில்லை. ஊரில் ஆட்டோ வைத்திருக்கும் இரண்டு பையன்களின் போன் எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். மல்லேஸ்வரத்துக்குத் திரும்புவது என்றாலும் முடியாது. பாகப் பணம் நிலமாகவும் வீடாகவும் மாறிவிட்டது. எங்கள் தாத்தா வீட்டின் இடத்தில் எழும்பிய ஃபிளாட்டில் ஒன்றை இன்றைய விலைக்கு வாங்க அவரால் ஆகாது.

கடைசியாகப் போனபோது 14 கோழி இருந்தது. முட்டையை டஜன் கணக்கில் ஹெசரகட்டா ரோட்டு வீடுகளுக்குக் கொடுக்கிறார். தீனிச் செலவு போக மிஞ்சுவது பால் பாக்கெட்டுக்கு ஆகிறது. பொழுது சாய்ந்ததும் கோழிகள் தாமாகவே வந்து கூட்டில் ஏறின. சித்தப்பா டார்ச் அடித்து எண்ணினார். பதின்மூன்று. மறுபடி எண்ணினார். பதின்மூன்று. செவலைப் பெட்டை ஒன்று நான்கு நாளாக எங்கோ மறைவில் முட்டையிடுகிறது, அடையில் உட்கார்ந்துவிட்டதோ என்னவோ, கீரி வருவதற்குள் பார்க்கவேண்டும் என்று உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்தார். சித்தி வாசலிலிருந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள் என்று கத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஜ்ஜியின் குரல் வந்தது. பெட்டை தன் வைக்கோல்போரில் இருக்கிறது, நேற்றிலிருந்து தான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இருட்டில் தேடவேண்டாம் என்று.